குளிரும் துவிச்சக்கர வண்டியும்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கர வண்டியைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தகப்பனாருடைய வண்டியின் சட்டத்துக்கூடாகக் காலை விட்டு மிதிக்கப் பழகி, பின்னர் அதே வண்டியிற் கல்லூரிக்கு வந்து, அதனை மரநிழலில் நிறுத்திவிட்டு, மணி அடிக்குமுன் வகுப்புக்கு ஓடியவர்களே எம்மிற் பெரும்பாலார். அந்நாளில் வண்டியோட்டிகளாகிய எமக்குத் தெரிந்த பகைகள் மூன்று. ஒன்று வெயில், மற்றொன்று எதிர்க்காற்று, பிறிதொன்று ரயரைத் துளைக்கும் முள். குளிர் என்பது அப்பட்டியலில் இடம்பெறவில்லை. திருவெம்பாவைக் காலத்து விடியற்பொழுதிற் கோயிலுக்குச் செல்லுங்கால் தோளிற் போர்த்திய சால்வை ஒன்றே எமக்குப் போதுமானதாயிருந்தது.

இன்று நிலைமை வேறு. எமது கல்லூரியின் பழைய மாணவரும் அவர்தம் மக்களும் இங்கிலாந்திலும் கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் பரந்து வாழ்கின்றனர். வேலைக்கும் பள்ளிக்கும் வண்டியிற் செல்லும் வழக்கம் அந்நாடுகளில் உண்டு. மாரிகாலத்திலும் அதனைக் கைவிடாதோர் உளர். இவ்விழா மலர் அவர்கள் கைகளையும் சென்றடையும். ஆதலின், குளிர்ந்த காலநிலையில் வண்டியோட்டும்போது உடலினுள்ளே நிகழ்வன யாவை, அவற்றுள் அஞ்சத் தக்கது யாது, அஞ்ச வேண்டாதது யாது என்பவற்றை விளக்க முற்படுகின்றேன். இதனை எழுதத் தூண்டியது நூலறிவு மாத்திரமன்று. என் இளமையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியும் ஆகும். அதனை முதலிற் கூறிவிடுகின்றேன்.

பேராதனையில் யான் பயின்ற காலம் அது. 1969ஆம் ஆண்டு மார்கழி மாதம். இக்கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த தோழன் ஒருவனும் அங்கே என்னுடன் பயின்றான். நாமிருவரும் எமது வண்டிகளை லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு நுவரெலியா சென்றோம். அங்கிருந்து கண்டிப் பக்கமாக மலையிறங்கி வருவதே எமது திட்டம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயினும், அந்நகரை விட்டுப் புறப்பட்டவுடனே இறக்கம் தொடங்குவதில்லை; முதலிற் சிறிது தூரம் ஏறிக் கணவாயைக் கடந்த பின்னரே வீதி கீழ்நோக்கிச் செல்லும். அவ்வேற்றத்தில் எமக்கு நன்றாக வியர்த்தது. பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கம்பளிச் சட்டைகளைக் கழற்றிப் பின்னாலுள்ள கரியரிற் கட்டினோம். கணவாயை அடைந்தபோது தூறல் மழையாயிற்று. இறக்கத்தைக் கண்ட மகிழ்ச்சியில் நிற்க மனமின்றி இறங்கத் தொடங்கினோம்.

கால் மணி நேரம் ஆகுமுன் என் விரல்கள் மரத்துப்போயின. தோழன் எனக்கு முன்னே சென்றான். வழி முழுதும் பாட்டும் பகிடியுமாக வந்தவன் பேச்சற்றுப் போனதை யான் கவனித்தேன். ஆயினும் அதன் பொருளை உணர்ந்தேனல்லேன். நிற்போமா என்று கூவிக் கேட்டதற்கு அவன் சொன்ன மறுமொழி குழறலாக இருந்தது. அடுத்த வளைவில் வண்டி திரும்பவில்லை. நேரே சென்று தேயிலைச் செடிகளின் ஓரத்துக் கானில் விழுந்தது. நல்வினைப் பயனாக அவ்விடத்திற் பள்ளம் இல்லை. பிறேக்கைப் பிடிக்க நினைத்ததாகவும், கை அதனைச் செய்யவில்லை என்றும் அவன் பின்னர்க் கூறினான். அன்று எங்கும் உறைபனி இல்லை; நீர் உறையும் நிலைக்கு வெகு மேலேயே காலநிலை இருந்தது. அவ்வளவு குளிரே ஓர் இளைஞனை அந்நிலைக்குக் கொணரப் போதுமானதாயிற்று.

எம்மைக் கண்ட தோட்டத் தொழிலாளியான முதியவர் ஒருவர் தம் லயத்துக்கு அழைத்துச் சென்றார். யான் நேரே அடுப்பை நோக்கிக் கைகளை நீட்டினேன். அவர் தடுத்தார். "மொதல்ல ஈரத்துணியக் கழட்டுங்க தம்பி. நெருப்பு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். உலர்ந்த கம்பளியால் தோழனைச் சுற்றி, அவனை அடுப்புக்குச் சற்று அப்பால் இருத்தி, சீனி நிறையப் போட்ட தேநீரைச் சிறிது சிறிதாகக் குடிப்பித்தார். அரை மணி நேரம் அவன் உடல் நடுங்கியது. பின்னர் வார்த்தை திருந்தியது. அம்முதியவர் செய்தவை யாவும் மருத்துவ நூல்கள் விதிக்கும் முறைகளே என்பதை யான் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். அவற்றின் காரணங்களை இனி நோக்குவாம்.

உடலின் வரவு செலவு

மனித உடலின் உட்பகுதி ஏறத்தாழ 37 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். மூளை, இருதயம், ஈரல் முதலிய உறுப்புகள் அந்நிலையிலேயே செவ்வனே தொழிற்படும். இவ்வெப்பநிலையைக் காப்பது குடும்பத்தின் வரவு செலவைக் காப்பது போன்றதே. உணவை எரித்துப் பெறும் வெப்பம் வரவு. தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் இழக்கும் வெப்பம் செலவு. இரண்டும் சமமாயிருக்கும்வரை இடர் இல்லை.

சும்மா இருக்கும் மனிதன் ஏறத்தாழ 100 வாற்று மின்குமிழ் ஒன்று விடும் அளவான வெப்பத்தை விடுகின்றான். வண்டியை மிதிப்பவனோ அதனிலும் பன்மடங்கு வெப்பத்தை ஆக்குகின்றான். ஏனெனில், தசைகள் எரிக்கும் சக்தியில் நாலிலொரு பங்கோ அதனிலும் குறைவாகவோ மாத்திரமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறும். எஞ்சிய முக்காற் பங்கும் வெப்பமாகவே வெளிப்படும். மலையேற்றத்தில் 200 வாற்று வலுவோடு மிதிக்கும் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 வாற்று வெப்பம் பிறக்கின்றது. ஆகவேதான் கடுங்குளிரிலும் ஏற்றத்தில் வியர்க்கின்றது.

இறக்கத்திலோ இக்கணக்கு தலைகீழாகின்றது. கால்கள் ஓய்ந்துவிடுகின்றன, வரவு ஏறக்குறையச் சும்மா இருப்பவனின் அளவுக்கு வீழ்ந்துவிடுகின்றது. ஆனால் வேகம் நான்கு ஐந்து மடங்காகின்றது. அதனால் முகத்திலும் மார்பிலும் மோதும் காற்றும் அவ்வளவு பெருகுகின்றது. வரவு நின்ற அக்கணத்திலேயே செலவு பெருகுகின்றது. குளிரில் வண்டியோட்டுவதன் இடர் முழுவதும் இவ்வொரு முரண்பாட்டிலே அடங்கியுள்ளது எனலாம். நடப்பவனுக்கும் ஓடுபவனுக்கும் இவ்விடர் இல்லை. அவன் வேகமாகச் செல்லுந்தோறும் அவன் உடலில் வெப்பமும் மிகும். உழைக்காமலே வேகம் பெறுபவன் வண்டியோட்டி ஒருவனே. அவ்வேகத்துக்குரிய விலையை அவன் வெப்பத்தாற் செலுத்துகின்றான்.

இதனோடு ஈரமும் சேருமாயின் செலவு மேலும் மிகும். நீர் காற்றிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அன்றியும், ஆடையிலுள்ள நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தையும் உடலிலிருந்தே கவர்ந்துகொள்ளும். ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். வெயிற் காலத்தில் எம்மைக் காக்கும் இவ்வியல்பே குளிர்காலத்தில் எம்மை வருத்துகின்றது. ஏற்றத்தில் வியர்த்து நனைந்த சட்டையோடு இறக்கத்தில் இறங்குபவன், ஈரச்சேலை சுற்றிய மண்பானையைப் போன்று தன்னைத் தானே குளிர்விக்கின்றான். பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சி நெடுநேரம் வைத்திருக்கும். கம்பளி நனைந்தபோதும் தன் இழைகளினூடே காற்றைச் சிறைப்படுத்தி ஓரளவு வெப்பத்தைக் காக்கும். தோட்டத்து முதியவர் தேர்ந்தெடுத்த போர்வை கம்பளியாயிருந்ததன் பொருத்தம் இதுவே.

காற்றுக்குளிர்

அசையாத காற்றிலே எமது தோலை ஒட்டி மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் ஒன்று நிற்கும். அதுவே இயற்கை எமக்களித்த முதலாவது ஆடை. காற்று வீசும்போது அப்படலம் அடித்துச் செல்லப்படுகின்றது. தோல் மீண்டும் புதிய குளிர்காற்றைச் சூடாக்க வேண்டியதாகின்றது. அமெரிக்கரான போல் சைப்பிள், சாள்ஸ் பாசெல் ஆகிய இருவரும் அந்தாட்டிக்காவில் 1941ஆம் ஆண்டு மாரிகாலத்தில், சிறு உருளை ஒன்றில் நீரை இட்டு, வெவ்வேறு காற்று வேகங்களில் அது உறைய எவ்வளவு நேரமாகும் என அளந்தனர். அவர்களது ஆராய்ச்சி 1945ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காற்றுக்குளிர்க் கணக்கீடு அதனையே அடியாகக் கொண்டு வளர்ந்தது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவும் கனடாவும் அக்கணக்கைத் திருத்தியமைத்தன. அதற்காக ரொறன்ரோ நகரிலே தொண்டர்கள் சிலர் குளிர்காற்றுச் சுரங்கத்தில் நடந்து தம் முகத்தோலின் வெப்பநிலையை அளக்க இடங்கொடுத்தனர்.

அத்திருத்திய கணக்கின்படி, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று வீசும்போது, 0 பாகைக் குளிர் −6 பாகை போன்றும், −5 பாகை −13 பாகை போன்றும், −10 பாகை −20 பாகை போன்றும் தோலைத் தாக்கும். வண்டியோட்டிக்குக் காற்று வீச வேண்டியதேயில்லை. மரத்தின் இலையும் அசையாத நாளிலும் அவன் தனக்குரிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு செல்கின்றான்.

ஈண்டு ஓர் ஐயத்தை நீக்குதல் நன்று. காற்று எவ்வளவு கடிதாக வீசினும், உலர்ந்த தோலைக் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே அது குளிர்விக்க முடியாது. காற்று 2 பாகையில் இருக்குமாயின், காற்றுக்குளிர் எண் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் விரல் உறைந்துபோகாது. காற்று, குளிர்தலின் விரைவை மிகுவிக்கின்றதேயன்றிக் குளிரின் எல்லையை மாற்றுவதில்லை. ஆனால், உடல் முழுவதும் வெப்பம் குன்றித் தளர்வதற்கு உறைநிலை வேண்டியதில்லை என்பதை எமது மலைப்பாதையிலே கண்டோம்.

விரல்கள் முதலிற் கைவிடுவதேன்?

தோல் குளிர்ந்ததும் மூளையின் அடிப்பாகத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தோலிலும் கைகால்களிலும் உள்ள குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றது. வெப்பமான குருதி உட்பகுதிக்குத் திருப்பப்படுகின்றது. பஞ்சகாலத்தில் அரசன் எல்லைப்புறங்களைக் கைவிட்டுக் கோட்டையைக் காப்பது போன்றது இது. கோட்டை பிழைக்கும்; எல்லையிலுள்ளோர் துன்புறுவர். கைவிரல்களும் கால்விரல்களும் அவ்வெல்லையிலுள்ளவை.

விரலில் வெப்பத்தை ஆக்கும் தசை மிகச் சிறிது. விரலை மடக்கும் பெருந்தசைகள் முன்கையிலே உள்ளன. அவை நரம்புக் கயிறுகள் போன்ற தசைநாண்களாலேயே விரலை இழுக்கின்றன. விரலின் பருமனோ சிறிது. அதன் மேற்பரப்போ பெரிது. போதாக்குறைக்கு, வண்டியோட்டியின் கைகள் அசைவின்றி, உலோகத்தைப் பற்றியபடி, உடலுக்கு முன்னே காற்றில் நீட்டப்பட்டுள்ளன. கால்கள் சுழன்றாலும் விரல்கள் சப்பாத்துக்குள் அசைவதில்லை.

தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே இறங்கும்போது விரல்களின் நுட்பமான தொழிற்பாடு குன்றத் தொடங்கும். 8 பாகை அளவில் தொட்டுணரும் ஆற்றலும் அற்றுப்போகும். நரம்பிற் செய்தி செல்லும் வேகமும் தசை சுருங்கும் வேகமும் குளிரிலே குறைகின்றன. வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் கைகளின் தொழில். ஆகவே குளிர் எம்மிடமிருந்து முதலிற் பறிப்பது வேகத்தையன்று. வேகத்தை அடக்கும் ஆற்றலையே. என் தோழன் பிறேக்கைப் பிடிக்க நினைத்தான் என்பது உண்மை. அந்நினைவு அவன் விரல்களிடத்தே செயலாக மாறவில்லை.

பிரித்தானிய மருத்துவ அறிஞர் சேர் தோமஸ் லூயிஸ் 1930ஆம் ஆண்டில் விந்தையான உண்மை ஒன்றை வெளியிட்டார். விரலை உறைநீரில் வைத்திருக்கும்போது, சில நிமிடங்கள் சுருங்கியிருந்த குருதிக் குழாய்கள் தாமே விரிந்து, வெப்பக் குருதியை விட்டுப் பின் மீண்டும் சுருங்குகின்றன. இவ்வாறு மாறிமாறி நிகழ்கின்றது. மரத்த விரல் சிறிது நேரத்தில் தானே சூடாகி வலிப்பதைக் குளிர்நாட்டு அன்பர்கள் அறிந்திருப்பர். விரல்களைக் காக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு அது. ஆயின், உடலின் உட்பகுதியே குளிர்ந்துவிட்டால் இவ்வுதவியும் நலிந்துவிடும். கையைக் காக்க வேண்டுமாயின் கையுறை மாத்திரம் போதாது. மார்பையும் காத்தல் வேண்டும்.

விரல்களை அலட்சியம் செய்தலின் விளைவுக்குச் சான்று ஒன்று தருவேன். 1980ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் தேதி பெல்ஜியத்தில் நடைபெற்ற லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் ஓட்டப் போட்டி பனிமழையில் நிகழ்ந்தது. 174 பேர் புறப்பட்டனர். 21 பேரே முடிவை அடைந்தனர். பிரான்சு நாட்டு வீரர் பேர்னார் இனோ ஒன்பது நிமிடங்களுக்கு மேலான முந்துதலோடு வென்றார். ஆனால் அவருடைய விரல்கள் இரண்டு தேறுவதற்குப் பல வாரங்கள் சென்றன. அதன் பின்னரும் குளிர்பட்டால் வருத்தும் இயல்பு அவற்றை விட்டு நீங்கவில்லை.

நடுக்கமும் மதிமயக்கமும்

செலவைச் சுருக்கியும் கணக்கு நேராகாவிடின், உடல் வரவைப் பெருக்க முயலும். அதுவே நடுக்கம். தசைகள் வேலையொன்றும் செய்யாமற் சுருங்கி விரிந்து வெப்பத்தை மாத்திரம் ஆக்குகின்றன. கடுமையான நடுக்கம் ஓய்வுநிலை வெப்பத்தை ஐந்து மடங்குவரை உயர்த்த வல்லது. நடுக்கத்தை இகழ்தலாகாது, அஃது உயிர்காக்கும் காவலன். ஆனால் ஓடும் வண்டியில் நடுக்கம் எடுக்குமாயின் கைபிடி ஆடும். அன்றியும், நடுக்கத்துக்குரிய எரிபொருளிற் பெரும்பங்கு தசையிற் சேமித்துள்ள மாச்சத்தே. நெடிய ஏற்றத்தில் அச்சேமிப்பைச் செலவழித்துவிட்டுப் பசியோடு இறங்குபவனுக்கு நடுங்குவதற்கும் வலுவிராது. இனிப்புத் தேநீரின் சிறப்பு அதன் சூட்டிலும் பார்க்க அதன் சீனியிலேயே உள்ளது.

உட்பகுதியின் வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின் அதனைத் தாழ்வெப்பநிலை என மருத்துவர் கூறுவர். முதலில் நடுக்கம் மிகும், விரல்கள் தடுமாறும், பேச்சுக் குழறும், மனிதன் மௌனியாவான், எளிய முடிவையும் எடுக்க இயலாதவனாவான். 32 பாகையை அண்மித்ததும் நடுக்கம் ஓயத் தொடங்கும். நடுக்கம் நின்றுவிட்டது, இனி நலம் என்று எண்ணுதல் பெருந்தவறு. வெப்பமூட்டாத நிலையில் அது நின்றதாயின் நோய் முற்றிற்று என்பதே பொருள்.

இந்நோயின் கொடுமை யாதெனில், நோயாளியின் மதியையே அது முதலிற் கவர்வதாகும். காய்ச்சல் வந்தவன் தனக்கு நோய் என்று அறிவான். குளிரால் மதி மங்கியவனோ தனக்கு ஒன்றுமில்லை என்பான், நிற்கவும் மாட்டான், ஆடையை மாற்றவும் மாட்டான். ஆகவே ஒருவனுடைய நிலையை அவனிடம் கேட்டறிதல் பயன்படாது. உடன் செல்பவனே கவனித்தல் வேண்டும். அன்று தோழனின் மௌனத்தை யான் களைப்பு என எண்ணினேன். அஃது என் பிழை. இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும், கூட வருபவன் பேச்சடங்கினால் உடனே வண்டியை நிறுத்துக என்பதை மாத்திரம் வாசகர் மறவாதிருப்பாராக.

ஒரு மலை, இரு வீரர்

இதுவரை கூறிய யாவற்றையும் ஒரே நாளில் ஒரே மலையில் உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1988ஆம் ஆண்டு யூன் 5ஆந் தேதி, இத்தாலியைச் சுற்றி நடைபெறும் பெரும்போட்டியின் 14ஆம் நாள் ஓட்டம், காவியா என்னும் கணவாயைக் கடந்து பொர்மியோ நகரை அடையவேண்டியிருந்தது. கணவாயின் உயரம் 2,600 மீற்றருக்கு மேல். கோடைகாலமாயினும் அன்று கீழே மழையும் மேலே பனியும் பெய்தன. கணவாயிலிருந்து நகருக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் இறக்கம்.

உச்சியை முதலில் அடைந்தவர் ஒல்லாந்து வீரர் யொகான் வான் டெர் வெல்டே. குறுங்கைச் சட்டையோடு, மேலங்கியும் தொப்பியும் இன்றி அவர் ஏறினார். ஏற்றத்தில் அவருக்கு அது குறையாகத் தோன்றவில்லை. உடலின் உலை எரிந்துகொண்டிருந்தது. இறக்கம் தொடங்கியதும் உலை அணைந்தது. அவர் இறங்கவியலாது இடைவழியில் ஒதுங்கிச் சூடுபெற வேண்டியவரானார். மலையுச்சியில் முதல்வராய் நின்றவர், நகரை அடைந்தபோது வென்றவருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேற் பிந்தியிருந்தார்.

அமெரிக்க வீரர் அன்டி ஹம்ஸ்ரனின் குழுவினரோ அன்று காலையிலேயே வானிலையை உணர்ந்து, பனிச்சறுக்கு விளையாட்டுக்குரிய பொருள் விற்கும் கடைகளிற் கையுறைகளும் கம்பளி ஆடைகளும் வாங்கி, மலைமேல் வீரர்களுக்குக் கொடுக்க ஆயத்தம் செய்திருந்தனர். ஹம்ஸ்ரன் அவற்றை அணிந்து இறங்கினார். அவரும் துன்புற்றார், எனினும் இறங்கினார். அன்றைய ஓட்டத்தில் ஒல்லாந்தர் எரிக் புறூக்கிங் அவரிலும் ஏழு வினாடி முந்தி வென்றார். ஆயின் போட்டியின் தலைமையைக் குறிக்கும் இளஞ்சிவப்புச் சட்டை ஹம்ஸ்ரனுக்குக் கிடைத்தது. முடிவிலும் அவரே வென்று, அப்போட்டியை வென்ற முதல் அமெரிக்கரானார்.

இவ்விருவரும் உடல் வலிமையில் அதிகம் வேறுபட்டவரல்லர். ஒருவர் ஏற்றத்துக்கு ஆயத்தமாயிருந்தார். மற்றவர் இறக்கத்துக்கும் ஆயத்தமாயிருந்தார். வேறுபாடு அவ்வளவே.

மூச்சும் இருதயமும்

குளிர்காற்று சுவாசப்பையை உறையச் செய்யும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டாம். மூக்கும் தொண்டையும் காற்றுக்குழாய்களும் உட்செல்லும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தியே அனுப்புகின்றன. ஆனால் அவ்வேலைக்கு விலை உண்டு. குளிர்காற்று மிக வறண்டது. கடுமையாக மிதிக்கும்போது வாயினாற் பெருமளவு காற்றை உள்ளிழுக்கின்றோம். அதனாற் காற்றுக்குழாய்களின் உட்படலம் வறண்டு, சிலரிடத்தே குழாய்கள் சுருங்கி இருமலும் இழுப்பும் உண்டாகின்றன. ஈழை நோயுள்ளோர் முதலிற் பத்து நிமிடம் மெல்ல மிதித்தலும், வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுதலும், மருத்துவர் கொடுத்த மருந்தை உடன் வைத்திருத்தலும் நன்று.

எம் வயதினர் கவனிக்க வேண்டியது இருதயம். தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குவதால் குருதியமுக்கம் உயர்கின்றது. இருதயம் கூடிய எதிர்ப்புக்கு மாறாகக் குருதியைத் தள்ளவேண்டியுள்ளது. இருதய நோயும் மிகு குருதியமுக்கமும் உள்ளோர் கடுங்குளிரில் திடீரென வலுவாக மிதித்தலைத் தவிர்த்து, மருத்துவரிடம் கேட்டு நடத்தல் வேண்டும்.

தாகத்தைப் பற்றியும் ஒரு சொல். குளிரில் தாக உணர்ச்சி மழுங்கும். குருதி உட்பகுதியிற் சேர்வதாற் சிறுநீரும் மிகுதியாகக் கழியும். ஒவ்வொரு மூச்சிலும் நீராவி வெளியேறும். எனவே தாகம் எடுக்காவிடினும் இடையிடையே நீர் அருந்துதல் வேண்டும். சாராய வகைகள் சூடு தரும் என்பது மயக்கமே. அவை தோலின் குருதிக் குழாய்களை விரித்து, சூடு போன்ற உணர்ச்சியை மாத்திரம் தந்து, உட்பகுதியின் வெப்பத்தை வெளியே கொட்டிவிடும்.

கைக்கொள்ள வேண்டியவை

வெப்பநாட்டில் வளர்ந்த எமக்குக் குளிர் பழகாது என்பர் சிலர். வெப்பத்துக்கு மனித உடல் இரண்டொரு வாரங்களிற் பெரிதும் பழகிக்கொள்ளும். குளிருக்கு அவ்வளவு பழகுவதில்லை. அது நோர்வேயிற் பிறந்தவர்க்கும் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. குளிர்நாட்டாரின் வலிமை அவர்தம் ஆடையிலும் வழக்கத்திலும் உள்ளது. அதனை எவரும் கற்கலாம்.

உடலோடு ஒட்டிய ஆடை வியர்வையை வெளியே விடுவதாயிருக்கட்டும், பருத்தியைத் தவிர்க்க. அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய அங்கி. புறப்படும்போது சற்றுக் குளிர்வதே சரியான அளவு. புறப்படும்போதே இதமாயிருந்தால் விரைவில் வியர்த்து நனைவீர்கள். ஏற்றத்தில் அங்கியைத் திறந்துவிடுக. உச்சியில் நின்று, இறங்குமுன்னரே அதனைப் பூட்டுக. விரல்கள் மரத்தபின் பூட்ட முடியாது. பழைய காலத்து ஓட்ட வீரர்கள் மலையுச்சியில் பார்வையாளரிடம் பத்திரிகைத் தாள்களை வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மீது செருகிக்கொண்டு இறங்குவர். செலவில்லாத இவ்வுபாயம் இன்றும் பயன்படும்.

இறுக்கமான கையுறையும் சப்பாத்தும் குருதியோட்டத்தைத் தடுக்கும். விரல்களுக்குச் சிறிது இடம் விடுக. உலர்ந்த கையுறை ஒரு சோடியைப் பையில் வைத்திருக்க. இறக்கத்தில் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுக. பிறேக்கை அடிக்கடி மெல்லப் பிடித்துப் பார்க்க. மணிக்கொரு முறையேனும் இனிப்பான உணவு சிறிது உண்க.

இத்தனையும் செய்தும் ஒருவர் குளிரால் தளர்ந்தாராயின், காற்றுக்கு மறைவான இடத்துக்கு அவரைக் கொண்டுசென்று, முதலில் ஈர ஆடையைக் களைக. உலர்ந்த போர்வையால் தலையையும் உடலையும் சுற்றுக. அறிவு தெளிவாயிருந்து விழுங்கக் கூடியவராயின் இனிப்பான சூடான பானம் கொடுக்க. மரத்த கைகளைத் தேய்த்தலும், நெருப்பில் நேரே காட்டுதலும் தகாது. உணர்ச்சியற்ற தோல் சுட்டாலும் அறியாது. பேச்சுக் குழறி, நடுக்கமும் நின்றவராயின் தாமதமின்றி மருத்துவ உதவி நாடுக. வண்டியை விட்டிறங்கியபின்னரும் உட்பகுதியின் வெப்பம் சிறிது நேரம் தாழ்ந்துகொண்டே செல்லுமாதலால், தேறிவிட்டார் என எண்ணித் தனியே விட்டுவிடலாகாது.

அன்றிரவு அம்முதியவருடைய லயத்திலேயே தங்கினோம். மறுநாட் காலை வெயில் எறித்தது. உலர்ந்த சட்டையோடும், அவர் மனைவியார் பொதிந்து தந்த ரொட்டியோடும் மெல்ல மெல்ல இறங்கினோம். விடைபெறும்போது யான் பணம் கொடுக்க முற்பட, அவர் வாங்க மறுத்து, "ஏறுறப்ப அவசரப்படலாம் தம்பி, எறங்குறப்ப அவசரப்படக் கூடாது" என்றார். என் தோழன் இன்று குளிர்நாடொன்றிற் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றான். அப்பிள்ளைகள் பனிக்காலத்திலும் வண்டியிலேயே பள்ளிக்குச் செல்கின்றார்கள் என்று அண்மையில் எழுதியிருந்தான். அவர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுப்பது தன் வேலை என்றும் எழுதியிருந்தான்.